வலைப்பரப்புப் பொருத்தமும் வண்டல் கணக்கும்: சேவூர் வட்டார ஏரிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட வண்டல் எவ்வளவு என்னும் வினாவுக்கு ஆளில்லா வானூர்திப் படங்களைக் கொண்டு விடைகாண இன்று இயலும். தூர்வாருவதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களிலிருந்து இரு முப்பரிமாண வலைப்பரப்புகள் உருவாக்கப்படுகின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தப்படுகின்றன. இடைவெளி கன அளவாக மாற்றப்படுகிறது. ஒளிப்பட அளவையியலின் இவ்வாற்றல் ஐயத்துக்கு உரியதன்று. நடுப்படியாகிய பொருத்தத்தை மென்பொருளின் ஒரு பொத்தானிடம் ஒப்படைத்துவிடும் போக்கே மறுபரிசீலனைக்கு உரியது.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற சேவூரும் அதனை அடுத்த ஆரணியும் அமைந்த வட்டாரம், தறிகளுக்கு அப்பால், ஏரிகளையும் கிணறுகளையும் நம்பிய வேளாண் நிலமாகும். தமிழ்நாட்டில் உழவர் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வகுத்த வரம்பு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். இவ்வெண்களைப் பொருத்தப் பிழையோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் பரப்பில் 1 சென்டிமீட்டர் உயரப் பிழை 100 கன மீட்டர் ஆகும். ஒரு புன்செய் ஏக்கருக்குரிய முழு அளவையும் அது விஞ்சுகிறது. 20 ஹெக்டேர் ஏரி ஒன்றில் இரு பரப்புகளும் 5 சென்டிமீட்டர் விலகிப் பொருந்தினால் பிழை 10,000 கன மீட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட ஏக்கருக்குரிய மண் ஏட்டில் தோன்றிவிடும், அல்லது மறைந்துவிடும். 2023இல் தமிழ்நாட்டின் ஆற்றுமணல் குவாரிகளை அளவிட அமலாக்கத்துறை கான்பூர் ஐ.ஐ.டி. வல்லுநர்களை அழைத்தமை, இத்தகைய எண்கள் ஆய்விதழோடு நின்றுவிடுவதில்லை என்பதை உணர்த்தும்.

பொருத்தத்துக்குப் பெரிதும் கையாளப்படுவது 1992இல் பெஸ்ல், மக்கே இருவரும் வெளியிட்ட அண்மைப்புள்ளி மீள்பொருத்த முறை. ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அருகிலுள்ள புள்ளியை இணையாகக் கொண்டு, இணைகளுக்கு இடையிலான தொலைவு குறையும்வரை இம்முறை பரப்பை நகர்த்தியும் சுழற்றியும் பார்க்கும். இரண்டும் ஒரே பொருளின் வடிவங்கள் என்பது இதன் அடிப்படை எடுகோள். மாற்றத்தை அளக்கப் புகுவோர்க்கோ அவ்வெடுகோள் பொய்த்திருப்பதே ஆய்வுப்பொருள். படுகை முழுவதும் 30 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், பரப்பின் பெரும்பகுதி படுகையே ஆதலின், அத்தாழ்வை இடப்பிறழ்வாகக் கருதி முறை அழித்துவிடும். எஞ்சிய பிழை மிகச் சிறிதாகத் தெரியும். அச்சிறுமையே அளக்க வந்தது தொலைந்ததன் அடையாளம். தறியில் பழைய பாவு முடியும்போது புதிய பாவின் ஒவ்வோர் இழையும் தனக்குரிய பழைய இழையோடு பிணைக்கப்படுகிறது; அருகில் கிடக்கும் ஏதோ ஓர் இழையோடு அன்று. சேவூர் நெசவாளர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

எனவே மாறாத நிலத்தை மட்டும் தெரிந்து பொருத்த வேண்டும் என்பர். ஏரியில் மாறாத நிலம் எது? கரை என்பது எளிதில் தோன்றும் விடை. அதுவே ஏமாற்றும் விடையுமாகும். தூர்வாரிய மண்ணைக் கொண்டே பல இடங்களில் கரையைப் பலப்படுத்துகின்றனர். உயர்ந்த கரையை மாறாததாகக் கொண்டால் படுகை உள்ளதைவிட ஆழமாகத் தோண்டப்பட்டதாகக் கணக்கு வரும். மதகின் கல்கட்டு, கலிங்கின் தளம், வெளிப்பாறை, அருகிலுள்ள கோயில் மண்டபம் ஆகியவை நம்பத்தக்கவை. எனினும் மதகும் கலிங்கும் பெரும்பாலும் கரையை ஒட்டியே அமைவன. நீர்ப்பிடிப்பின் எதிர்ப்புறம் புறம்போக்காகவும் வயலாகவும் திறந்து கிடக்கும். ஒரு பக்கத்துப் புள்ளிகளை மட்டும் பற்றிய பரப்பு மறுபக்கம் சாய இடமுண்டு. 100 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு, 500 மீட்டருக்கு அப்பால் 10 சென்டிமீட்டராகிவிடும்.

பரப்பின் உள்வளைவு இதனினும் நுட்பமான இடர். செங்குத்தாக மட்டும் எடுத்த படங்களில் ஒளிப்படக் கருவியின் வில்லை விலகலை மென்பொருளே கணித்துக்கொள்ளும்போது, பரப்பு கவிகை போலவோ கிண்ணம் போலவோ வளையக்கூடும் என்பதை ஜேம்ஸ், ராப்சன் ஆகியோர் 2014இல் விளக்கினர். சாய்கோணப் படங்களைச் சேர்த்தால் இது பெரிதும் குறையும். ஏரியும் இயல்பில் கிண்ண வடிவினதே. நடுவில் தோண்டப்பட்டதும் பரப்பு வளைந்ததும் வண்ணப்படத்தில் ஒன்றுபோலவே தெரியும். நகர்த்தலும் சுழற்றலும் மட்டுமே அறிந்த பொருத்தத்தால் இவ்வளைவைத் திருத்த முடியாது.

2013இல் லாக், புரோது, லெரூ மூவரும் அளித்த புள்ளித்திரள் ஒப்பீட்டு முறை, பொருத்தப் பிழையையும் நம்பக எல்லைக்குள் சேர்த்தது. அது பெரிய முன்னேற்றம். ஆயினும் அப்பிழையை எங்கும் ஒரே அளவினதாக அம்முறை கொள்கிறது. சாய்வும் வளைவும் அவ்வாறு இருப்பதில்லை. மேலும், ஒழுங்கற்ற பிழைகள் கன அளவைக் கூட்டும்போது ஒன்றையொன்று பெரிதும் தள்ளுபடி செய்யும். ஒருபுறச் சாய்வுடைய பிழை பரப்போடு சேர்ந்து பெருகும். 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் முன்வைத்த, இரு காலப் படங்களையும் ஒரே தொகுதியாகக் கணிக்கும் வழி நம் சூழலுக்கு மிகவும் ஏற்றது எனலாம். விலையுயர்ந்த நிலைகாண் கருவி இல்லாத கல்லூரியும் இதனைக் கையாளலாம். ஆனால் தோண்டிய படுகையில் பொதுப் புள்ளி எதுவும் எஞ்சாது. பாறையும் கட்டடமும் படச்சட்டத்துள் வரும்படி பறப்பெல்லையை விரித்தாக வேண்டும்.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் சரிந்த பாறையும் பனியும் ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் எனச் செயற்கைக்கோள் உயர மாதிரிகளின் வேறுபாட்டிலிருந்து கணிக்கப்பட்டது. அங்கு மாற்றத்தின் ஆழம் பல பத்து மீட்டர். பொருத்தத்தில் ஒரு மீட்டர் பிசகினும் முடிவு நிலைக்கும். அவ்வெற்றியைச் சான்றாகக் காட்டி, சில பத்து சென்டிமீட்டர் வண்டல் எடுத்த ஏரிக்கு அதே நம்பிக்கையைக் கோருதல் பொருந்தாது.

லாம்டன் 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்தபின், முக்கோணத் தொடரைச் சோதிக்க 1804இல் பெங்களூரில் மற்றோர் அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டது. பொருத்தத்துக்குப் பயன்படுத்திய புள்ளிகளில் எஞ்சிய பிழையை மட்டும் தந்து, ஒதுக்கிவைத்த சோதனைப் புள்ளிகளின் பிழையைத் தராத கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புதல் முறை. அப்புள்ளிகளுள் சிலவேனும் கரைக்கு எதிர்ப்புறத்தே இருத்தல் வேண்டும். இரு பறப்புகளும் கோடையின் ஒரே ஈரநிலையில் நிகழ்ந்தனவா என்பதும் பதிவாக வேண்டும். நீர்ப்பரப்புக்கு அடியிலுள்ள படுகையைப் படம் நம்பத்தகக் காட்டாது, சீமைக்கருவேலம் நிலத்தை மறைக்கும், களிமண் படுகையோ நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும்.