கான்சாகிபு காலத்து ஊர்கள் யார் பக்கம்?

மருதநாயகம், கான்சாகிபு என்று நாம் கூப்பிடும் யூசுப் கான் விடுதலை வீரரா, கிழக்கிந்தியக் கம்பெனியின் கூலிப்படைத் தளபதியா என்று பட்டிமன்றம் வைத்தால் மதுரையில் இன்றும் கூட்டம் சேரும். இரு தரப்பாரும் சுற்றுப்பட்டு ஊர்களைத் தங்கள் சாட்சியாக இழுத்துக்கொள்வார்கள். ஊரெல்லாம் அவர் பின்னால் நின்றது என்பார் ஒருவர். கள்ளர் நாட்டார் எவருக்கும் அடங்காத கொள்ளைக்காரர்கள் என்பார் மற்றவர். ஆதாரங்களை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டு சாட்சியமும் செல்லாது.

நடந்தது உள்நாட்டுப் போர். ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோத, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மதுரைக்கு இது புதிதல்ல. 1730களில் நாயக்கர் பட்டத்துக்காக ராணி மீனாட்சியும் பங்காரு திருமலையும் சண்டையிட்டபோதே ஊடே நுழைந்த சந்தா சாகிபின் படை, பங்காரு பக்கம் திரண்டவர்களை அம்மையநாயக்கனூரில் முறியடித்தது. வாடிப்பட்டியிலிருந்து திண்டுக்கல் சாலையில் கொஞ்சதூரம் போனால் அந்த இடம். 1751இல் சந்தா சாகிபுக்காக ஆலம் கான் மதுரைக் கோட்டையைப் பிடித்தான். 1755இல் நவாபுக்காகக் கம்பெனிப் படையுடன் கர்னல் ஹெரான் வந்தான். 1757இல் திண்டுக்கல்லிலிருந்து இறங்கிய ஹைதர் அலி சோழவந்தானைப் பிடித்து, மதுரை மதில்வரை சூறையாடினான். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு யூசுப் கான் குத்தகைக்கு எடுத்தார். ராஜத் துரோகம் என்று யாரையாவது குற்றம் சாட்ட வேண்டுமானால் முதலில் ஒரு ராஜா வேண்டாமா?

கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம், கள்ளர்களைக் காட்டுமிராண்டிகளாகவே பார்த்தவர். ஆனால் அவர் எழுதிவைத்த செய்திகளே அவருடைய பார்வைக்கு எதிராகப் பேசுகின்றன. மதுரைக்குக் கிழக்கே கோயில்குடிக் கோயிலுக்குள் பகைவர் பதுங்கியிருக்க, ஹெரான் வாசற்கதவின் முன்னே வைக்கோல் கட்டுகளைக் குவித்துத் தன் கையாலேயே தீ வைத்தான். அடுத்த பந்தம், அப்போது கம்பெனிப் படையில் இருந்த யூசுப் கான் கையில். உள்ளேயிருந்த செப்புத் திருமேனிகளை எடுத்துக்கொண்டு, மீட்க வேண்டுமானால் ஐயாயிரம் ரூபாய் கொடு என்றார்கள். பணம் வரவில்லை. படை திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்தார்கள். "சாமி, சாமி" என்று கத்திக்கொண்டே குத்தினார்கள். திருமேனிகளை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரானைப் பின்னர் கம்பெனி விசாரித்து வேலையைவிட்டு நீக்கியது. கொள்ளையடித்தது யார், மீட்டது யார் என்பதை ஆர்மின் பக்கங்களிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஆகவே 'கொள்ளைக்கூட்டம்' என்ற வாதம் இங்கேயே விழுகிறது. 'ஊரெல்லாம் அவர் பின்னால்' என்ற வாதமும் பிழைக்காது. 1759இல் யூசுப் கான் கள்ளர் நாட்டுக் காடுகளை வெட்டிப் பாதை போட்டு நுழைந்தார், ஆயுதத்துடன் அகப்பட்டவர்களைக் கொன்றார். 1761இல் பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டான்செவல் அவரிடமே வீழ்ந்தது. பிறகு குத்தகைத் தகராறில் அவரே நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துக் கோட்டைக்குள் நின்ற 1763, 64 ஆண்டுகளில், ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் படைகள் முற்றுகையிட்டவர்களோடு சேர்ந்து நின்றன. காரணம் விசுவாசமா, பழைய பகையா, நவாபின் மிரட்டலா? எல்லாம் கலந்ததாகவே எனக்குப் படுகிறது. சொந்த ஆட்களே 1764 அக்டோபரில் அவரைக் காட்டிக்கொடுத்தார்கள்; சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லையா? உண்டு. குலைந்திருந்த மீனாட்சியம்மன் கோயில் வழிபாட்டை அவர் மீட்டுக்கொடுத்தார். நகரில் கான்சா மேட்டுத் தெருவும், தெற்கே கான்சாபுரம் என்ற ஊரும் அவர் பேரைச் சொல்கின்றன. சம்மட்டிபுரம் தர்கா அப்படியே இருக்கிறது. கோயிலும் நகரமும் அவரை நன்றியோடு நினைத்திருக்கின்றன என்பதற்கு இவை போதும். கள்ளர் நாட்டுக்கும் இவையே சாட்சி என்றால் நான் ஏற்கமாட்டேன். எஸ். சி. ஹில் 1914இல் எழுதிய நூல் முற்றுகைக்கு நல்ல துணை. ஆனால் 'கலகத் தளபதி' என்று பேர் வைத்தபோதே கம்பெனியின் கண்ணால் பார்த்துவிட்டது. மதிலுக்கு வெளியே இருந்த குடியானவன் அதில் அபூர்வம்.

அந்தக் குடியானவனைக் கள்ளர் நாடான மேலூர்ப் பக்கமும் சோழவந்தான் பக்கமும் தனித்தனியே பார்க்க வேண்டும். மேலூருக்குக் காடு இருந்தது, ஆயுதம் இருந்தது, கூடிப் பேசி முடிவெடுக்கும் நாட்டுக்கூட்டம் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது: 1767இல் கேப்டன் ரம்லியின் படை வெள்ளாளப்பட்டியை வளைத்துத் தீ வைத்தது. வைகைக் கால்வாயை நம்பி நெல் நட்டிருந்த சோழவந்தான், வாடிப்பட்டிச் சமவெளிக்காரனால் வயலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? எந்தக் கொடி வந்தாலும் கிஸ்தி கட்டித்தான் தீர வேண்டும். 1790இல் கம்பெனிப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடிக்கும்வரை, அவன் தலைமாட்டிலேயே மைசூர் எல்லை இருந்தது.

என் தீர்ப்பு இது. மேலூர் நாடுகள் நவாபுக்கும் கம்பெனிக்கும் யூசுப் கானுக்கும் ஒரே பதிலைச் சொன்னன. அது தெளிவான அரசியல் நிலைப்பாடு, ஆனால் இந்திய விடுதலைப் போர் என்ற தலைப்புக்குள் அதைத் திணிக்கக் கூடாது. யூசுப் கானின் எதிர்ப்பு துணிச்சலானது. குத்தகைத் தகராறில் முளைத்த அதை மக்கள் கிளர்ச்சி என்று கொள்ள ஆதாரம் போதாது. சமவெளி ஊர்கள் கிஸ்தி கட்டியதை விசுவாசம் என்று எழுதும் எந்த நூலையும் நம்பாதீர்கள்.