ஒரே யானை

தருமபுரிக்காரர் ஒருவர், வயதில் சிறியவர், தாம் எழுதிய கதையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கணவன் மனைவியை அடிக்கிறான். அடித்தது அவனல்லவாம், அவனுக்குள் ஒளிந்திருக்கும் 'இன்னொருவ'னாம். கடைசிப் பக்கத்தில் இவன் அழுகிறான், அந்த இன்னொருவன் சிரிக்கிறான். "மனம் ஒன்றல்ல, பல என்பதுதானே ஸார், இன்றைய மனோதத்துவம்?" என்று கேட்டார்.

இன்றைய சரக்கு என்று சொல்வதற்கில்லை. நம் சித்தாந்திகள் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று நாலு பேரை எப்போதோ உள்ளே குடிவைத்துவிட்டார்கள். வில்லியம் ஜேம்ஸ் 1890-ல், ஒருவனை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை 'நான்' அவனுக்கு உண்டு என்றார். பிராய்டு 1923-ல் மூன்றாகப் பிரித்தார். 1986-ல் மார்வின் மின்ஸ்கி, தனித்தனியே அறிவில்லாத சின்னஞ்சிறு காரியஸ்தர்கள் கூடிய சமுதாயமே மனம் என்று ஒரு புத்தகமே எழுதினார். இவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கதாசிரியன் பிழைப்பே இதில்தானே நடக்கிறது!

ஆனால் கதைக்குள் இந்தத் தத்துவம் நுழையும்போது, கூடவே ஒரு வக்கீலும் நுழைந்துவிடுகிறார். ஸ்டீவன்ஸன் 1886-ல் எழுதிய டாக்டர் ஜெகில் கதையைப் பாருங்கள். டாக்டர் தம் வாக்குமூலத்தில் ஹைடைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஓரிடத்தில் 'நான்' என்று எழுத முடியவில்லை. 'அவன்' என்று எழுதுகிறார். அங்கே பேனா தடுமாறுவதை ஸ்டீவன்ஸன் மறைக்கவில்லை. கதையின் உயிரே அந்த இடந்தான். பின்னால் வந்தவர்கள் மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு தடுமாற்றத்தை விட்டுவிட்டார்கள். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தில் மூன்று பேருக்கும் மூன்று விதத் தலைமுடி. யார் பேசுவது என்று ரசிகருக்குச் சந்தேகமே வராது.

"உங்கள் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறதே" என்றேன். பழைய தகடூர்தான் தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் புறநானூற்றில் பாடும்போது, ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைக் கழுவ, நீர்த்துறையில் படுத்துக் கிடக்கும் யானையைக் காட்டுகிறார். எங்களுக்கு நீ அப்படி இனியவன். பகைவருக்கோ அதே யானை மதம்கொண்டு நிற்பது போல, என்கிறார். இரண்டாவது யானை ஒன்றைக் கொண்டுவந்து அந்த அம்மாள் கட்டவில்லை. பிள்ளைகள் கழுவுகிற தந்தமேதான் நாளைக்குக் குத்தும் தந்தம். இன்னொரு பாட்டில், வீட்டு இறப்பில் செருகிவைத்த தீக்கடைகோலாக அவனைச் சொல்கிறார்: இருப்பதே தெரியாமலும் இருப்பான், வேண்டும்போது நெருப்பாகவும் வருவான். அந்தக் கோலின் அடியில் தினமும் படுத்துத் தூங்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

நானும் யோக்கியனல்ல. வீட்டில் ஒருநாள் கன்னாபின்னாவென்று கத்திவிட்டு, "நான் பேசவில்லை, என் கோபம் பேசிற்று" என்று சமாதானம் சொன்னேன். "கோபத்துக்குத் தனி இலை போடட்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

நண்பரின் கதையில் மனைவி வாயே திறக்கவில்லை. உன்னை அடித்தது யார் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.