சாவி யாருகிட்ட இருக்கு?

அடையாறில் ஒரு மாணவர் கண்காட்சி. நுண்கலை படிக்கிற பிள்ளைகள் சேர்ந்து செய்தது. தி.நகரில் எடுத்த பாதாளச் சாக்கடை மூடியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதன்மேல், உள்ளே இறங்கிச் செத்தவரைப் பற்றிய கவிதை. பாதி வரிகளில் எழுத்துக்குப் பதில் எண்ணும் கோடும். 'பார்க்கிறவங்களே அவிழ்த்துக்கட்டும்' என்றார்கள். வந்தவர்கள் நல்லாயிருக்கு என்று நகர்ந்தார்கள். நான் தேடினது ஒரு பேரை. அது சங்கேதத்துக்குள்ளும் இல்லை.

இந்த முறை சென்னைக்குப் புதுசில்லை. ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். வாசிக்க முடியாத எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்கு என்று பொருளைக் கழற்றி வடிவத்தை மட்டும் வைத்தார். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து தலைமுறையாய்க் கையில் இருந்தவர்களுக்குத்தான் அது விளையாட்டு. ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று அடையாறில் பள்ளி திறந்தது 1894இல். வாசிக்க முடியாத எழுத்து நமக்கு அழகியல் இல்லை. என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் பத்திரத்தில் வைத்த கைநாட்டு.

நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறது. தட்டார் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். அங்கே சாவி உழைக்கிறவர் கையில். அதன் பக்கத்திலேயே இடக்கரடக்கலும் இருக்கிறது. மலம் கழித்து வந்ததைக் 'கால் கழுவி வந்தேன்' என்று சொல்லும் நாகரிகம். அந்த மலத்தை அள்ளினவருக்கு இந்த நாகரிகம் வாய்க்கவில்லை. மாணவர்கள் குழூஉக்குறி என்று நினைத்துச் செய்தது இடக்கரடக்கலாகிப் போச்சு.

'விஷவாயு தாக்கி இறந்தார்' என்று செய்தி போடுகிறார்களே, அதுவும் சங்கேதம்தான். இறக்கிவிட்டவன் அதில் இல்லை. கையால் மலம் அள்ள வைப்பதை 2013 சட்டம் தடை செய்தது. 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அது முப்பது லட்சமானது. சட்டம் இருந்தும் உயிருக்கு விலை ஏறிக்கிட்டே போவது ஏன்? இதை அவிழ்க்காமல் அதன்மேல் இன்னொரு பூட்டு எதுக்கு?

'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ம. பழனிகுமார், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுத் தருகிறார். அங்கே கேமரா கைமாறுகிறது. யாரைப் படம் எடுக்கிறோம் என்பதோடு யார் எடுக்கிறார்கள் என்பதும் மாறிவிடுகிறது.

தம்பி, தங்கச்சிகளே, சங்கேதத்தை விட்டுடுங்க என்று நான் சொல்லவில்லை. தலைகீழாப் போடுங்க. குழிக்குள் இறங்கினவங்க தங்களுக்குள்ள பேசிக்கிற சொல்லிலிருந்து கவிதை வரட்டும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கணும் என்று அவங்களே தீர்மானிக்கட்டும். சாவியை முதலில் அவங்ககிட்ட கொடுங்க. அந்தப் படத்துக்கு முன்னால் ஒருநாளாவது மயிலாப்பூர் கைநாட்டா நிக்கட்டும்.