இறக்கை கட்டிய கைகள்

சென்னை நகரின் பழைய ஏடுகளைப் புரட்டுவோர், 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை எட்டியதும் சற்றே நின்று வியப்பர். வியப்பதற்குரிய செய்திதான். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்னும் கார்சிகத் தீவினர், தாமே வகுத்த திட்டப்படி ஒரு வானூர்தியைச் செய்வித்தார். பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பின்னர்த் தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்கும் காட்டினார். பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. அலகாபாத்திலிருந்து நைனிக்கு அஞ்சல் மூட்டையோடு ஆன்றி பெக்கே பறந்ததோ 1911 பிப்ரவரி 18இல்தான்!

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் எல்லோரும் நகரின் பெருமையாகவே எழுதுகின்றனர். 1895இலேயே மின்சார டிராம் ஓடிய நகர், 1910இல் மனிதன் பறந்ததையும் கண்ட நகர் என்று அடுக்குகின்றனர். அடுக்கட்டும். ஆனால் அதே நகரில் மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷா, 1973இல் கலைஞர் ஆட்சி ஒழிக்கும் வரை ஓடியதே, அதையும் அந்த அடுக்கில் சேர்க்கவேண்டாமா?

நாம் கேட்க வந்தது வேறொன்று. அந்த வானூர்தியைக் கட்டியது யார்? "சிம்சன் கம்பெனி" என்று விடை வருகிறது. 1840 முதல் கோச்சு வண்டிகள் கட்டிய நிறுவனம்; 1903இல் நீராவிக் காரும் செய்து காட்டிய நிறுவனம். சரி, கம்பெனிக்குக் கை உண்டா? கம்பெனி உளி பிடிக்குமா, ஊசி கோக்குமா? அக்கால வானூர்தி என்பது என்ன? மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, முறுக்கேற்றிய கம்பி, சிறியதொரு எந்திரம். மரத்தை இழைத்தவன் தச்சன். கம்பியை முறுக்கியவன் கொல்லன். துணியைத் தைத்தவன் தையற்காரன். ஒரு சட்டம் விரற்கடை பிசகினாலும் ஏறியவர் உயிரோடு இறங்கியிருக்க மாட்டார். அத்துணை நுட்பம் கைவந்தவர்கள் அவர்கள். ஆனால் நாம் படித்த வரலாறுகளில் முதலாளியின் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது, திடலின் பெயரும் இருக்கிறது; அந்தக் கைகளுக்குரிய ஒரு பெயரையேனும் நாம் கண்டதில்லை.

"அக்கால வழக்கம் அது" என்பார் உண்டு. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் பறந்தார்களே, அவர்களுக்கு எந்திரம் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் கடைத் தொழிலாளி சார்லஸ் டெய்லர். அவரும் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தவர்தாம். ஆனால் தேடினார்கள், கண்டார்கள். இன்று அவர் பிறந்த மே 24ஆம் நாள், அமெரிக்காவில் வானூர்திப் பழுதுபார்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கே தேடல் எந்தத் திசையில் நடக்கிறது? புட்பக விமானத்தை நோக்கி! புராணத்திலிருந்த "விமானம்" என்ற சொல்லை எடுத்து இருபதாம் நூற்றாண்டு எந்திரத்துக்கு வைத்தோம். இப்போது அந்தச் சொல்லையே காட்டி, "பார், எங்களிடம் அன்றே இருந்தது" என்கிறார்கள். பிள்ளைக்குப் பாட்டன் பெயரை வைத்துவிட்டு, பாட்டனே பிறந்துவிட்டான் என்பது போல! "வைமானிக சாத்திரம்" என்னும் நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழக அறிஞர் ஐவர் ஆய்ந்து, அது 1904க்கு முற்பட்டதன்று, அதிலுள்ள ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என்று 1974இலேயே எழுதிவிட்டனர். அதன் பின்னும் 2015இல் மும்பை அறிவியல் மாநாட்டு மேடையில் பழங்கால விமானப் பெருமை பேசப்பட்டது. பறக்காத ஊர்திக்கு முனிவர் பெயர் கிடைத்துவிட்டது. பறந்த ஊர்தியைக் கட்டிய தச்சனுக்கோ பெயரில்லை. பழைய கூலிப் பேரேடுகளைத் தேடிப் படிக்க நம் கல்லூரி இளைஞருள் நால்வர் முன்வந்தால் போதும். சாத்திர ஆராய்ச்சிக்குச் செலவாகும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

பென்னலூரில் நாம் பாடம் சொல்லும் வகுப்பில், ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலைக்குப் போவோரின் பிள்ளைகளே மிகுதி. சென்னையின் முதல் வானூர்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டார் செய்யும் வேலையை எழுதி வாருங்கள்" என்றோம். மாணவன் ஒருவன், "அப்பா கம்பெனியில் வேலை" என்று ஒரே வரியில் முடித்திருந்தான். "கம்பெனியில் என்ன வேலை?" என்று கேட்டு ஏட்டைத் திருப்பித் தந்தோம். மறுநாள் எழுதி வந்தான்: "அப்பா கார்க் கதவில் ரப்பர் பட்டை பொருத்துகிறார். சரியாகப் பொருந்தாவிட்டால் மழை உள்ளே வரும். இந்த வாரம் இரவு ஷிப்ட்." கீழே, நாம் கேட்காமலே, அப்பாவின் பெயரையும் எழுதியிருந்தான்.