பறம்பும் வலப்பனையும்
(மலையக இலக்கியம் குறித்த ஓர் ஆய்வு)

பேரரசொன்று தன் அயலிலுள்ள சிற்றரசுகளை விழுங்குதல் உலக வரலாற்றிற் புதுமையன்று. அதனைப் பாடுதலும் தமிழிற் புதுமையன்று. நம் இலக்கியம் அத்தகைய வெற்றியை இருவேறு நெறிகளில் நின்று நோக்கியுள்ளது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி முதல் நெறிக்குச் சான்று. முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை அழித்ததை அது வென்றோர் பக்கம் நின்று கொண்டாடுகிறது. தோற்ற நாட்டின் உழவனும் அவன் வயலும் அதன் கண்ணிற் படுவதில்லை. இரண்டாவது கபிலரின் நெறி. மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பைப் பாடும் கபிலர் முற்றுகையிட்டோரின் பெருமையைப் பேசவில்லை; அம்மலை தன் மக்களுக்கு அளித்தவற்றையே எண்ணிக் காட்டுகிறார். உழவர் உழாமலே விளையும் மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் அவ்வெண்ணிக்கையில் அடங்குவன. வெல்லப்படுமுன் இம்மலை யாரை எவ்வாறு வாழ்வித்தது என்பதே கபிலர் எழுப்பும் வினா. இவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு இலங்கையின் மலையக இலக்கியத்தை மதிப்பிடுதல் பயன் தருவதாகும்.

அம்மதிப்பீட்டிற்கு வலப்பனை தக்கதோர் இடம். நுவரெலியா மாவட்டத்தின் கிழக்கே, ஊவாவை அடுத்துள்ள இப்பிரதேசத்தில் இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் முதலிய உயர்நிலங்களில் தேயிலை படர்ந்துள்ளது. பள்ளத்தாக்குகளிலோ படிப்படியாக வெட்டப்பட்ட பழைய நெல்வயல்கள் இன்றும் கிடக்கின்றன. மேலே தோட்டம், கீழே கிராமம் என்னும் இவ்வமைப்பு இயற்கையாக அமைந்ததன்று. ஒரு பேரரசின் செயலால் அமைந்தது.

ஆங்கிலேயர் 1803இல் கண்டியின் மீது படையெடுத்துத் தோற்றனர். 1815இல் அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையிலிருந்த பகையைப் பயன்படுத்தி, பெரும் போரின்றியே கண்டியைக் கைக்கொண்டனர். அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் உருவாயிற்று. நாயக்கர் மரபினனான இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பெற்று 1832இல் அங்கேயே இறந்தான். ஒப்பந்தம் காகிதத்தில் வென்றதை வாளால் வெல்ல வேண்டிய நிலை 1817இல் எழுந்தது. அவ்வாண்டு ஊவாவிலும் வெல்லசவிலும் மூண்ட கிளர்ச்சி வலப்பனையையும் பற்றிக்கொண்டது. கெப்பெட்டிபொல திசாவை அதன் தலைவராகி, 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். கிளர்ச்சியை அடக்கத் தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளையும் விளைந்த நெல்லையும் எரித்தன, கால்நடைகளை அழித்தன. படை மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் அவ்வழிவின் சுவடுகளைக் காணலாம்.

எனினும் வாளினும் கூரியது சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை என மறுதலை நிறுவப்படும் வரை கொள்ளுமாறு செய்தது. உறுதிப் பத்திரம் என்ற ஒன்றை அறியாத கிராமத்தவர் மறுதலை நிறுவுவது எங்ஙனம்? சேனைப் பயிருக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தேனுக்கும் துணைநின்ற மேட்டுக்காடு, தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குக் கோப்பித் தோட்டமாயிற்று. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. கீழேயிருந்த வயலும் தப்பவில்லை. 1880களில் நெல்வரி கட்டத் தவறியோரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டபோது, வலப்பனையில் குடும்பங்கள் நிலமிழந்து பட்டினியுற்றன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியரே அதனை எடுத்துரைத்தார். 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது. ஆயினும் போன வயல் மீளவில்லை.

அத்தோட்டங்களில் உழைப்பதற்கே தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோருள் வழியிலேயே மடிந்தவர் பலர். எஞ்சியோர் லயங்களிற் குடியேறினர். மலையக இலக்கியம் இவ்விடத்திற்றான் தொடங்குகிறது.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) இத்துறையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று. அதன் சிறப்பு, துயரத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் காணாமையே. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தின் சாதிக் கொடுமையும் நிலவுடைமையாளர் அதிகாரமுமே மருதியைக் கப்பலேற்றுகின்றன. கூலியை வேண்டி நிற்கும் தோட்டமும் கூலியை விளைவிக்கும் கிராமமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை அக்கதை நாவன்மையின்றியே உணர்த்திவிடுகிறது. ஆயினும் அக்கதையில் இலங்கை மலைக்குக் கடந்த காலமில்லை. தொழிலாளர் வந்திறங்கிய அன்றே மலையும் பிறந்ததுபோலத் தோன்றுகிறது.

சி. வி. வேலுப்பிள்ளை அம்மலையிலேயே பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவர் 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, சக்தீ அ. பாலையாவால் தமிழாக்கம் பெற்ற தேயிலைத் தோட்டக் கவிதை மண்ணின்மேல் ஓர் உரிமையை நாட்டுகிறது. தேயிலைக்கு உரமாய்ப் புதைந்த முன்னோர்க்கு நடுகல்லும் இல்லை, நினைவும் இல்லை என அது கலங்குகிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றோராக்கிய காலத்தில், புதைகுழியையே பத்திரமாகக் காட்டிய குரல் அது. அதன் ஆற்றல் மறுக்கற்பாலதன்று. ஆனால் தோண்டிய மண்ணில் அவர் கண்டது ஒரே அடுக்கினை. அதன் கீழே 1818இன் சாம்பலும் சேனைக்காட்டின் வேரும் கிடப்பதை அக்கவிதை பேசவில்லை.

மறுபக்கத்திலும் இக்குறை உண்டு. 1904 முதல் 1911 வரை இலங்கையில் ஆட்சித்துறையிற் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், 1913இல் வெளியிட்ட நாவலில் காட்டுக் கிராமமொன்று கடனாலும் நீதிமன்றத்தாலும் அழிவதை வியக்கத்தக்க நேர்மையுடன் காட்டினார். ஆயினும் அது தென்னிலங்கையின் வறள்நிலக் கிராமம். மேலே தோட்டமும் கீழே வயலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் மலைநாடு அதில் இடம்பெறவில்லை.

இலக்கியத்திடம் வரலாற்று நூலின் முழுமையை எதிர்பார்த்தல் தகுமா என்னும் தடை எழலாம். வாக்குரிமை இழந்து நிற்பவன் பிறர் துயரையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமோ என்றும் கேட்கலாம். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. துயருற்றவன் தன் துயரையே முதலிற் பாடுவான், அது குற்றமாகாது. ஆனால் இங்கு விடுபட்டது வெறுஞ் செய்தியன்று. துயரின் காரணமே விடுபட்டது. நிலமிழந்த சிங்களக் குடியானவன் தலைநிமிர்ந்து மேலே பார்த்தபோது அவன் கண்ணிற் பட்டவர் இலண்டனிலிருந்த பங்குதாரர் அல்லர். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணே. தன் நிலத்தை அவளே கொண்டாள் என அவன் எண்ணுதல் எளிதாயிற்று. அவ்வாறு எண்ணச் செய்தல் அரசியலார்க்கும் எளிதாயிற்று. அவளுக்கோ அந்நிலத்தில் ஓரடியும் சொந்தமில்லை; அவள் வாழ்ந்த லய அறையும் துரைக்கே உரியது. கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் கிராமத்தின் வறுமையை விரித்துரைத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. நாடற்றோர் எனப்பட்டோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. பறிகொடுத்தவனையும் கொண்டுவரப்பட்டவளையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இருவரையும் அந்நிலைக்கு ஆளாக்கிய பேரரசு அரங்கினின்றும் விலகிக்கொண்டது. பேரரசின் வெற்றிகளுள் நீண்டு நிலைத்தது இதுவேயாம்.

கபிலரின் நெறி இவ்விடத்திற்றான் வழிகாட்டுகிறது. பறம்பின் குடியல்லாத அந்தணராகிய அவர், அம்மலையின் வளத்தையும் அதன் இழப்பையும் தமதாக்கிக் கொண்டார். வலப்பனையில் தேயிலைப் புதருக்கு முன் நின்ற காடு எது, அது எந்த வீட்டு உலையை ஏற்றியது எனக் கேட்கும் தமிழ்ப் படைப்பாளி தன் மக்களின் உரிமையைக் குறைத்துக்கொள்வானல்லன். மாறாக, அதனை உறுதிப்படுத்துவான். இம்மண்ணைப் பறித்தவர் தாம் அல்லர் என்பதற்கு அம்மண்ணின் முழுக்கதையே தலையாய சான்று. அவ்வாறே லயத்தில் வாழ்வோரின் நடைவழி மரணங்களை எழுதும் சிங்களப் படைப்பாளியும் 1818இன் துயரைச் சிறுமைப்படுத்துவானல்லன்.

மலையக இலக்கியம் தன் மக்களின் கண்ணீரை உலகறியச் செய்துவிட்டது. அஃது அரிய பணி. மேட்டுத் தேயிலையையும் பள்ளத்து வயலையும் ஒரே பார்வையில் அடக்கும் பெருநாவலோ காவியமோ இனி எழ வேண்டும். அது எழும்வரை வலப்பனை பாதி பாடப்பட்ட மலையாகவே நிற்கும்.