மறுத்த முடியும் பறித்த முடியும்

ஈழத்துப் பிக்குகள் மணிமுடியை நீட்டுகிறார்கள். இளவரசன் அருள்மொழி மறுக்கிறான். படிப்போர் உள்ளம் பூரிக்கிறது! 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தீட்டிய காட்சி அது. 2022இல் அந்நாவல் திரைக்கும் வந்தது. கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால் கற்பனையே வரலாறாகிவிடலாமோ?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாருங்கள், தோழர்களே! கதையில் முடியை மறுத்தவன், அரியணையேறி இராசராசனானபின், 993ஐ ஒட்டி ஈழத்தின்மீது படை செலுத்தினான். ஈழத்து ஊர்கள் சில இக்கோயிலுக்கு நெல்லும் காசும் அளக்கவேண்டுமெனக் கல்லில் வெட்டுவித்தான். 1017இல் அவன் மகன் இராசேந்திரனின் படை, ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது, மணிமுடியையும் கவர்ந்தது. கதையில் மறுத்த முடி, களத்தில் பறித்த முடி!

சூளவம்சமோ விகாரைகள் சூறையானதைச் சொல்கிறது; சொல்லும்போதே சோழர் படையைக் குருதி குடிக்கும் அரக்கராக்குகிறது. அங்கே அரக்கன்; இங்கே அருளாளன். இரண்டும் இனப்பகைக்கும் இனச்செருக்கும் எண்ணெய் வார்க்கும் புனைவுகளே!

கல்லையே படியுங்கள். அதே கோயிற் கணக்கில் காவிரிக்கரை ஊர்களும் நிற்கின்றன. தோற்ற நாட்டு உழவனும் அளந்தான். வென்ற நாட்டு உழவனும் அளந்தான். அவ்வாறாயின், யாருடைய வெற்றிக்கு நாம் கை தட்டுகிறோம்?