கைக்கு அமைந்த பிடி

ஏர் பிஸ்டல் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. சுடுபவர் நிற்பதோ 10 மீட்டர் தள்ளி. துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலே குண்டு இலக்கில் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பத்து ஏழாகிவிடும். கடையில் கிடைப்பதை அப்படியே கையில் எடுக்காமல், சட்டகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிடி, ட்ரிகர், எடைக்கட்டி, குறி என ஒவ்வொன்றையும் தன் உடம்புக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பெரிய வணிகம். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கிக்கு இன்றும் பல நிறுவனங்கள் சட்டகமும் பாகங்களும் செய்கின்றன. அங்கே சட்டத்தின் பார்வையில் சட்டகம்தான் துப்பாக்கி; வரிசை எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டின் நிலை முற்றிலும் வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதக் கணக்கில்தான் சேர்க்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது மட்டுமல்ல, மாற்றி அமைப்பதும் பழுது பார்ப்பதும்கூடக் குற்றம்.

இந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பது திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலைக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸார் அறிவிப்பதும், வைத்திருந்தவர்கள் கைதாவதும் அவ்வப்போது செய்தித்தாளில் வருகின்றன. அளவு பார்க்காத குழாயும் பொருந்தாத பாகமும் சேர்ந்த ஆயுதம் வெடித்தால், பிடித்திருப்பவரின் முகமும் கையும்தான் முதலில் போகும். ஆகவே, துப்பாக்கியைத் தானே கூட்டிச் செய்யும் ஆசைக்கு இங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது.

விளையாட்டுக்கு வழி இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் ஏர் பிஸ்டலின் ஆற்றல் அதில் பாதிகூட வராது. சர்வதேச விதிகளும் எல்லை கட்டியே வைத்திருக்கின்றன: மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது, ட்ரிகரின் இழுவிசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, 420 மி.மீ. நீளமும் 200 மி.மீ. உயரமும் 50 மி.மீ. அகலமும் கொண்ட பெட்டிக்குள் துப்பாக்கி அடங்க வேண்டும். பிடி மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கக் கூடாது. இவற்றுக்குள் பலவற்றை மாற்றலாம். ஆனால் எதை மாற்றினால் பலன்?

பிடியை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்கின் உயரத்துக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள் பயிற்சியாளர்கள். முன்குறி பின்குறியின் வெட்டுக்கு நடுவில் தானாக உட்கார்ந்திருந்தால் பிடி சரி. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியிருந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் மணிக்கட்டைத் திருப்பித்தான் நேர்செய்ய வேண்டியிருக்கும். 60 குண்டு சுடும் ஆட்டத்தில் அறுபது முறையும் அதே போராட்டம். அப்போதுதான் வேலை தொடங்கும். கட்டைவிரல் அடியில் உறுத்தும் மரத்தை அரத்தால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். உள்ளங்கையில் இடைவெளி இருக்கும் இடத்தில் எம்-சீல் போன்ற பசையை அப்பி, அது இறுகுவதற்குள் கையை வைத்து அழுத்துவார்கள். விரல் மடிப்புகள் அப்படியே பதிந்துவிடும். ஹங்கேரியின் கரோலி டக்காச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்த பிறகு, இடது கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். கை மாறினால் பிடியும் அந்தக் கைக்குத் தக்கபடி மாற வேண்டும்.

இதே பழக்கத்தின் கெடுதல் பிடியைத் தாண்டிய பிறகு ஆரம்பமாகிறது. இந்த வாரம் எடைக்கட்டி, அடுத்த வாரம் ட்ரிகர், அதற்கடுத்து முன்குறியின் அகலம் என்று மாற்றிக்கொண்டே போகிறவருக்குத் தன் புள்ளி எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று சொல்லவே முடியாது. தவறு தோளிலா மூச்சிலா என்று தேட வேண்டிய நேரம், திருகாணி முடுக்குவதில் கரைகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பையில் விட்டபடி நின்று கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றதை உலகமே கொண்டாடியது. அவர் கையில் இருந்ததும் முறையான போட்டித் துப்பாக்கிதான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. துணைச் சாதனங்களைத்தான் அவர் வேண்டாமென்றார்.

நுணுக்கமான பாகங்கள் கூடக்கூடப் பழுதுக்கான வாய்ப்பும் கூடும். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கியில், அதைச் சுடத் தயாராக்கும் காக்கிங் லீவர் முறிந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் இருபது நிமிடத்துக்கு நெருக்கமாகப் போய்விட்டது. 575 புள்ளிகளோடு 12-ம் இடம். இறுதிச் சுற்று இரண்டே புள்ளியில் தவறியது. பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்று அதற்கு ஈடுகட்டியது எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக் அணிக்கே இந்தக் கதி என்றால், மாவட்டத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு லீவர் முறிந்தால் யாரிடம் போவது?

இந்தக் கேள்விதான் தமிழ்நாட்டில் முக்கியம். 2022-ல் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது திரண்ட கூட்டம், இந்த விளையாட்டின் மீது புதிய கவனத்தைத் திருப்பியது. ஆனால் போட்டித் தரத் துப்பாக்கிகள் ஸ்டேயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி என்று ஐரோப்பாவிலிருந்துதான் வருகின்றன. விலை லட்சத்தைத் தாண்டும். திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போகும் ஒரு மாணவிக்குக் கிடைக்கக்கூடியது கிளப்பின் பொதுத் துப்பாக்கி. அதன் பிடி வேறு யாரோ ஒருவருடைய பெரிய கைக்கு என்று தேய்க்கப்பட்டிருக்கும். இடக்கைக்காரர் என்றால் அதுவும் இல்லை. பணம் உள்ளவர் பிடியைச் செதுக்கிக்கொள்கிறார். இல்லாதவர் பிடிக்கு ஏற்பத் தன் மணிக்கட்டை வளைக்கிறார். புள்ளிப் பட்டியலில் தெரிவதில் ஒரு பங்கு இந்த வித்தியாசமும்தான்.

சட்டகத்தையும் காற்றுச் சிலிண்டரையும் இங்கே செய்ய முடியாமல் இருக்கலாம். பிடி அப்படியல்ல, அது மர வேலை. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாமி சிலையின் விரல் நுனிவரை அளவெடுத்துச் செதுக்கும் கைகளுக்கு, ஒரு மாணவியின் உள்ளங்கை அச்சைப் பார்த்துப் பிடி செதுக்குவது எட்டாத வேலையல்ல. துப்பாக்கி கிளப்பிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பிடி இருந்தால், பயிற்சி நேரம் வந்ததும் பொதுத் துப்பாக்கியில் அதை மாட்டிக்கொள்ளலாம். ஒரு துப்பாக்கியின் விலையில் ஒரு வகுப்புக்கே பிடிகள் செதுக்கலாம். முதலில் செய்ய வேண்டியது, கிளப்புகள் தங்களிடம் உள்ள துப்பாக்கிகளின் பிடி மாட்டும் அளவுகளை எடுத்து, மாதிரிக்கு ஒரு பிடியோடு அந்தச் சிற்பிகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது.